ஆயிரம் ரூபாய்க்குள் ஓ.பி.டி. அடாப்டர்: எண் காட்டும், காரணம் சொல்லாது

காரின் சாக்கெட்டில் செருகினால், என்ஜின் கணினி குறித்து வைத்திருக்கும் கோளாறுகளையும் அளவுகளையும் கைபேசியில் காட்டும் கருவி ஓ.பி.டி. அடாப்டர். இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ப்ளூடூத் வகையை வாங்கலாமா? சொந்தக் கையால் காரைக் கழற்றி மாட்டுகிற பழக்கம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். செக் என்ஜின் விளக்கு எரிந்ததும் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர் என்றால் இது தண்டச் செலவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் உண்டு: யூடியூப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்துவிட்டு, திங்கட்கிழமை வண்டி குலுங்குகிறதே என்று தலையில் கைவைக்கிறவர்கள். என் தங்கை வீட்டு மாப்பிள்ளை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். இந்த அடாப்டரை அவருடைய காரில்தான் முழுதாகச் சோதித்துப் பார்த்தேன்.

நான் கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கார் மெக்கானிக் இல்லை. ஆனால் மீட்டரைப் பிடித்து எண்ணைப் படித்துப் பழுது தேடுவதுதான் காலையிலிருந்து இரவு வரை என் தொழில். அந்தக் கண்ணோடு எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்தால் நீல நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கூடவே ஒரு குட்டி சி.டி. அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இன்று எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. அடாப்டரின் மேல் ‘இ.எல்.எம். 327, வி 2.1’ என்று ஒட்டியிருக்கிறது. அந்த ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். இ.எல்.எம். எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம் உருவாக்கிய சிப்பின் பெயர் அது. சந்தையில் இந்த விலைக்கு வருபவை அனைத்தும் அதன் நகல்கள். ‘வி 1.5’ என்று போட்டு விற்கிறார்களே, அப்படி ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. நிறுவனமே 2022-இல் கடையை மூடிவிட்டது; நகல்கள் மட்டும் அமோகமாக ஓடுகின்றன. நகல் என்பதால் வேலை செய்யாது என்று அர்த்தமில்லை. வேலை செய்கிறது, எதுவரை செய்கிறது என்பதுதான் கேள்வி.

ஸ்டியரிங்குக்குக் கீழே, பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில், பதினாறு துளை கொண்ட சாக்கெட் இருக்கும். நம் நாட்டில் பி.எஸ். 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2 கட்டாயம், எனவே அதற்குப் பிந்தைய கார் என்றால் தயங்க வேண்டாம். அடாப்டரைச் செருகி, சாவியைத் திருப்பி, கைபேசியில் 1234 என்று கொடுத்து இணைத்துக்கொள்ள வேண்டும். செயலி நம் விருப்பம். நான் ‘கார் ஸ்கேனர்’ என்ற செயலியின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தினேன். ‘டார்க் ப்ரோ’வும் நன்றாக இருக்கிறது, அது காசு.

இனி மாப்பிள்ளையின் கார். நான்கு சிலிண்டர் பெட்ரோல், எலக்ட்ரானிக் த்ராட்டில் (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு). ஞாயிறு அன்று நான்கு ஸ்பார்க் பிளக்குகளை மாற்றி, ஏர் ஃபில்டரை மாற்றி, ஸ்பிரே அடித்து த்ராட்டில் பாடியைத் துடைத்துப் பூட்டியிருக்கிறார். மறுநாள் லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங் நடுங்கியிருக்கிறது. கியரில் போட்டு ஓட்டினால் சமாளிக்கிறது, நிறுத்தினால் நடுக்கம். சைலன்சர் பக்கம் பச்சைப் பெட்ரோல் வாசனை. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. அவர் கேட்ட ஒரு பட்டறையில் பார்க்காமலேயே “இன்ஜெக்டர் போயிருக்கும்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

விளக்கு எரியாமலேயே இந்த அடாப்டர் உதவியது. என்ஜினின் கணினி ஒரு கோளாறை முதல் தடவை கண்டால் மனதில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கைப் போடும். முதல் தடவைக் குறிப்பை நிலுவைக் குறியீடு என்று செயலி தனியாகக் காட்டுகிறது. அதில் ‘பி 0303’ இருந்தது. 03 என்றால் பற்றவைப்புக் கோளாறு, கடைசி 3 என்றால் மூன்றாவது சிலிண்டர். அதாவது மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது.

இந்த இடத்தில் செயலியை ஒரு சொல் திட்ட வேண்டும். குறியீட்டைப் படிக்கும் பொத்தானுக்கு ஒட்டியே அழிக்கும் பொத்தானை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஆர்வத்தில் அழித்துவிட்டார். அழித்தால் குறியீட்டோடு, கோளாறு நடந்த நொடியில் என்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்ற பதிவும் போய்விடும். பழுது தேடுகிறவனுக்கு அந்தப் பதிவுதான் பொக்கிஷம். மறுபடியும் வண்டியை ஓட்டி, குறியீடு திரும்ப வரும்வரை காத்திருந்தோம். வாங்குகிறவர்கள் முதலில் திரையைப் படம் எடுத்து வையுங்கள். அழிப்பது பழுது தீர்ந்த பிறகு.

குறியீடு சொன்ன பிறகும் மாப்பிள்ளைக்கு வேறு எண்ணின் மேல்தான் கண். நேரடி அளவுகள் பக்கத்தில் எரிபொருள் திருத்தம் என்று ஒன்று வரும். கணினி தன் கணக்கைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் ஊற்றுகிறது என்பது அது. பூச்சியத்துக்கு இரு பக்கமும் ஐந்து வரை இருந்தால் கவலையில்லை, பத்தைத் தாண்டினால் விசாரிக்க வேண்டும். இங்கே நீண்டகாலத் திருத்தம் கூடுதலாக 13 விழுக்காடு. “மச்சான், ஹோஸ் எங்கேயோ காற்று இழுக்கிறது, வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்” என்றார். ஹோஸ் ஹோஸாகக் கழற்றிக் கிளிப் மாற்றிக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்த வீடியோ பொய் இல்லை. ஆனால் அது வேறு வகைக் காருக்கு உரியது. உள்ளே போகும் காற்றை வழியிலேயே அளக்கும் சென்சார் உள்ள காரில், அதைத் தாண்டிய இடத்தில் ஹோஸ் ஓட்டையானால், அளக்கப்படாத காற்று உள்ளே போகும், பெட்ரோல் போதாது, திருத்தம் ஏறும். நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் அந்த அளவி கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) இருக்கும் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுகிற ‘மேப்’ சென்சார்தான் இருக்கிறது. இதில் ஹோஸ் ஓட்டை வழியாக வந்த காற்றும் அழுத்தத்தில் தெரிந்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். ஆகவே ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஐட்லிங், அதாவது மிதிக்காமல் நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம், ஏறி நிற்கும். திருத்தம் அவ்வளவாகக் குதிக்காது. மாப்பிள்ளையின் கார் அழுத்தம் அளக்கிற வகை, ஐட்லிங்கோ ஏறவில்லை. நிமிடத்துக்கு 620 சுற்றுக்கும் 780 சுற்றுக்கும் நடுவே தள்ளாடியது.

இன்னொரு சாட்சியும் இருந்தது. மருதமலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தபோது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. ஹோஸ் ஓட்டை அப்படிச் செய்யாது. மிதித்தால் த்ராட்டில் திறந்து மேனிஃபோல்டின் உறிஞ்சல் குறைந்துவிடும், ஓட்டை வழியாக இழுக்க வலுவிருக்காது. தீப்பொறிக் கோளாறு இதற்கு நேர் எதிர். சுமை ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி பாய அதிக வோல்ட் வேண்டும், எங்கே பலவீனமோ அங்கே வழி தேடிக்கொண்டு ஓடும். சுருள் கம்பியின் வார்னிஷ் உரிந்த இடத்தைத் தேடிப் பாய்கிற கரண்டை நான் தினமும் பார்க்கிறேன்.

அப்படியானால் 13 எங்கிருந்து வந்தது? புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோலைப் பார்க்கத் தெரியாது, ஆக்ஸிஜனை மட்டும்தான் தெரியும். எரியாத மூன்றாவது சிலிண்டர் தான் இழுத்த காற்றை அப்படியே வெளியே தள்ளுகிறது. சென்சார் அந்த ஆக்ஸிஜனைக் கண்டு “பெட்ரோல் போதவில்லை” என்று அறிவிக்கிறது. கணினி நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஊற்றுகிறது. வாசனையின் காரணமும் இதுதான். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் அது உருகிப் போகும். அதன் விலை இந்த அடாப்டரைப் போலப் பல மடங்கு. செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

ஹோஸ்களை விட்டுவிட்டு, பிளக்கில் பொறி பாய உயர் வோல்ட் தரும் காயிலுக்கு வந்தோம். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி காயில் உட்காரும் அமைப்பு. சாவியை எடுத்து, என்ஜின் ஆறிய பிறகு, மூன்றாவதின் காயிலை முதலாவதுக்கும் முதலாவதின் காயிலை மூன்றாவதுக்கும் மாற்றினோம். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. குறியீடு 0301-ஆக மாறியிருந்தால் காயில் குற்றவாளி. மாறவில்லை, 0303-ஆகவே வந்தது. காயில் நிரபராதி. இந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். பதிலை மட்டும் அடாப்டர் தருகிறது.

மூன்றாவது பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நுனி ஈரமாக இருந்தது. இடைவெளி மற்ற மூன்றைப் போலவே சரியாக இருந்தது. வெள்ளைப் பீங்கானில், இரும்பு அறுகோணத்துக்குச் சற்று மேலே, பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கருப்பு இழை. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன், அழுக்கு போயிற்று, கோடு இருந்தது. லென்ஸ் வைத்தபோதுதான் அது கோடு இல்லை, விரிசல் என்று புரிந்தது. உள்ளே கரி ஏறியிருந்தது. பொறி நுனிக்கு இறங்காமல் இந்த விரிசல் வழியாக உலோகத்துக்குத் தாவியிருக்கிறது. ரப்பர் இல்லாத பிளக் ஸ்பேனரை எக்ஸ்டென்ஷனோடு ஆழத்தில் சாய்த்துத் திருகினால் பீங்கான் இப்படித்தான் போகும். மாப்பிள்ளையின் ஸ்பேனரில் ரப்பர் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பீங்கானில் பாய்ந்த பொறி ரப்பரிலும் கரித்தடம் போட்டிருந்தால், புதுப் பிளக் போட்டாலும் பழைய தடத்திலேயே பாயும். இங்கே தடம் இல்லை. புதுப் பிளக்கைக் கையால் திருகி உட்காரவைத்து, அதன் பிறகுதான் ஸ்பேனர். நடுக்கம் போயிற்று. திருத்தம் மெல்ல இறங்கி 2-க்கு வந்தது. மேனிஃபோல்டு அழுத்தம் 41-க்கும் 46-க்கும் இடையில் குதித்துக்கொண்டிருந்தது 33 கிலோபாஸ்கலில் நிலைத்தது.

இந்த அழுத்த அளவைப் பற்றி ஒரு சுவையான செய்தி. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் அந்தச் சென்சார் ஊரின் காற்றழுத்தத்தையே காட்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரம். திரையில் 96, 97 என்று வர வேண்டும், வந்தது. அதே கார் பிறகு ஊட்டிக்குப் போனபோது 77 காட்டியது. சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. பட்டறைக்காரர் “மேப் சென்சார் மாற்ற வேண்டும்” என்றால், சாவியைத் திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் அடாப்டருக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். நடுக்கம் போனதும் அதுவரை மறைந்திருந்த இரண்டாவது கோளாறு தலை தூக்கியது. சூடான என்ஜினில் முன்பு 700-இல் நிற்கும் ஐட்லிங் இப்போது 950. ஏ.சி. போட்டால் சட்டென இறங்கி ஏறியது. இது த்ராட்டில் துடைத்ததன் விளைவு. வருடக்கணக்கில் தகட்டின் விளிம்பில் கரி படியப் படிய, அதே அளவு காற்றுக்காகக் கணினி தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து பழகியிருக்கும். கரியைத் துடைத்ததும் பழைய திறப்பு மிகையாகிவிடுகிறது. சில கார்கள் சில நாள் ஓட்டத்தில் தாமே புதுக் கணக்குப் போட்டுக்கொள்ளும். சிலவற்றில் சாவியைக் குறிப்பிட்ட முறையில் திருப்பினால் போதும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுத்துத் தகட்டின் நிலையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். இந்தக் கார் கடைசி வகை.

அடாப்டர் இங்கே கையை விரித்துவிட்டது. எல்லாக் கார்களுக்கும் பொதுவான கேள்விகளைத்தான் அதற்கும் அந்த இலவசச் செயலிக்கும் கேட்கத் தெரியும்; தயாரிப்பாளர் தனக்கென்று வைத்திருக்கும் கட்டளைகள் தெரியாது. பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் பெரிய ஸ்கேனர் இருந்தது. அவர் வாங்கிக்கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு 300 ரூபாய் வாங்கினார். “எலக்ட்ரானிக் த்ராட்டில் தகட்டைச் சாவி போட்டிருக்கும்போது விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் போய்விடும்” என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். அந்த 300 ரூபாய்க்கு நியாயமான அறிவுரை.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வேகம் போதாது. நான்கைந்து அளவுகளை ஒரே திரையில் வைத்தால் எண்கள் சோம்பலாக மாறுகின்றன. ஐட்லிங் தள்ளாட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் சுற்று வேகத்தையும் அழுத்தத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை முறை மிஸ் அடித்தது என்ற கணக்கைச் சில கார்களின் கணினி வைத்திருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் இந்த அடாப்டர் பாதி விடையோடு மௌனமாகிவிடுகிறது. நீளமான விடைகளை விழுங்குவது இந்த நகல்களின் பிறவிக் குணம். டிரைவரின் முழங்காலில் இடிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் என் துறை, அதனால் அதை அளந்தே பார்த்தேன். அந்த சாக்கெட்டின் பதினாறாவது பின்னில் சாவி இல்லாமலும் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். கார் உறங்கும்போதும் இந்த அடாப்டர் 45 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஓரிரு நாளில் ஒன்றும் ஆகாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் வண்டியை நிறுத்தினால், காரே இழுக்கும் மின்சாரத்தோடு சேர்ந்து, வயதான பேட்டரியைப் படுக்கவைத்துவிடும். பார்த்து முடித்ததும் கழற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுங்கள்.

லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்திருப்பார்களே, தண்டு எத்தனை மைக்ரான் ஆடுகிறது என்று அது காட்டும், பேரிங்கா தண்டின் வளைவா என்பதைப் பிடித்திருப்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த அடாப்டரும் அந்த ஜாதிதான். மூன்றாவது சிலிண்டர் என்று சொன்னது, விரிசலைச் சொல்லவில்லை. சொல்லும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்து ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், நான் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர்கள் எஸ்.டி.என். சிப் கொண்ட ஓ.பி.டி. லிங்க் போன்றவற்றைப் பாருங்கள். விலை பல மடங்கு, நீளமான விடைகளையும் விழுங்காமல் தரும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்த நீல அடாப்டரை வாங்கவே வேண்டாம், பழைய வகை ப்ளூடூத் என்பதால் இணையாது. வைஃபை வகையோ, ப்ளூடூத் குறைந்த ஆற்றல் வகையோ என்று விற்பனைப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.